தம்பி காட்டிய நிஸ்வாக் கோட்டை

நாங்கள் ஓமானுக்குப் போனது மாப்பிள்ளை பார்க்க. ஆனால் சிட்னியில் நாங்கள் இருக்கும் கிரவீனில் யார் கேட்டாலும் கோட்டை பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லவேண்டும் என்பது என் மனைவி சரோவின் கட்டளை. லண்டனில் அவளுடைய அண்ணன் மகனுக்குக் கலியாணம். போகிற வழியில் மஸ்கட்டில் மூன்று நாள் இறங்கி, நிஸ்வா என்ற பாலைவனச் சோலையைக் காத்து நிற்கும் பழைய அரபுக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்தோம். பக்கத்து வீட்டுச் சிவம் நம்பவில்லை. இருபது வருடமாகப் பக்கத்தில் இருக்கிற புளூ மவுண்டன்ஸ் மலைக்கே போகாத ஆள் கோட்டை பார்க்கப் போகிறதோ என்று வேலிக்கு மேலால் கேட்டுச் சிரித்தார்.

எங்கள் மகள் மைதிலிக்கு முப்பத்தொரு வயது. பிளாக்டவுனில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வந்த சம்பந்தங்கள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிவிட்டாள். ஒருவன் தன்னைப் பற்றியே கதைக்கிறானாம். ஒருவன் ஒன்றுமே கதைக்கிறானில்லையாம். கடைசியில் இந்த ஓமான் சம்பந்தம் வந்தபோது, "இதுதான் லாஸ்ற். நீங்கள் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ. இதுவும் சரிவராட்டி இனி வீட்டில ஒருத்தரும் கலியாணக் கதை எடுக்கக் கூடாது" என்று ஒப்பந்தம் போட்டுவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் எங்களுக்கு இது கடைசிச் சந்தர்ப்பம். விமானத்தில் சரோ ஒரு கண் தூங்கவில்லை. அவள் தூங்காததால் நானும் தூங்கவில்லை.

சம்பந்தம் கொண்டுவந்தவர் மெல்பேர்ண் நோபல் பார்க்கில் இருக்கும் மலரக்கா. மாப்பிள்ளை பெயர் சுதாகரன், மஸ்கட்டில் எஞ்சினியர், அவுஸ்திரேலிய வதிவிட உரிமை கையில். மலரக்கா தொலைபேசியில் ஒரு நிபந்தனை விதித்தார்.

"பொடியனுக்கு நீங்கள் பொம்பிளைப் பகுதி எண்டு தெரியக் கூடாது. தாயின்ரை சிநேகிதர், கோட்டை பாக்க வருகினம் எண்டுதான் சொல்லியிருக்கு. ஊர் கேக்காதேங்கோ. வேலை கேக்காதேங்கோ. சாதகம் எண்டு வாயே திறக்காதேங்கோ. முந்தி ரொறொன்ரோவில இருந்து போன ஆக்கள் எயார்போட்டில வைச்சே சம்பளத்தைக் கேட்டு, பொடியன் வெருண்டு போட்டான்."

எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் வணக்கத்துக்கு முன்னால் வருவது "ஊரில எவடம்?" என்ற கேள்விதான். அதைக் கேட்காமல் மூன்று நாள் எதைப் பேசுவது என்று எனக்கு விளங்கவில்லை. வெய்யிலைப் பற்றிப் பேசலாம் என்றாள் சரோ. மே மாதம் ஆகையால் வெய்யிலுக்குக் குறைவில்லை.

மலரக்கா அனுப்பிய படம் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. படத்தில் முக்கால்வாசி தொப்பியும் அங்கியும்தான். மிச்சத்தில் ஒரு மீசை இருந்தது.

மஸ்கட் விமான நிலையத்தில் வெளியே வந்தவுடன் ஒரு இளைஞன் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தான். "சிட்னி அங்கிள் அன்ரி தானே?" என்றான்.

"ஓம் தம்பி" என்றாள் சரோ.

"வாங்கோ, கார் வெளியில நிக்குது." இரண்டு பெட்டிகளையும் பறித்துக்கொண்டு நடந்தான். அறிமுகம் அவ்வளவுதான். மீசையைக் காணவில்லையே என்று நான் சரோவின் காதில் சொன்னேன். "இந்த வெக்கைக்கு ஆர் மீசை வைப்பினம்? வழிச்சிருப்பான்" என்றாள். அவள் ஏற்கனவே அவன் பக்கம்.

கார் ஒரு கிழட்டு வெள்ளை டொயோட்டா. எஞ்சினியர் ஒருவர் இப்படியொரு வண்டி வைத்திருக்கிறாரே என்று யோசித்தேன். சரோ அதற்கும் பதில் வைத்திருந்தாள். எடுப்பில்லாத, பந்தா காட்டாத பிள்ளையாம். எடுப்பில்லாத பிள்ளை வண்டியை எடுத்த எடுப்பில் எனக்குக் குலை நடுங்கியது. நான் சிட்னியில் எம்-ஃபோர் நெடுஞ்சாலையில் இடது ஓரமாகவே இருபது வருடம் ஓட்டியவன். இங்கே எல்லோரும் வலப்பக்கத்தில் ஓடுகிறார்கள், அதுவும் பறக்கிறார்கள். முன் இருக்கையில் இருந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே, "தம்பி, கொஞ்சம் மெல்ல ஓடுங்கோ" என்றேன். மூன்று நாளும் அதிகம் சொன்னது அந்த வசனத்தைத்தான்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு ஒரு மலையாளியின் கடையில். அங்கே சரோவின் முதல் பரீட்சை நடந்தது. மாப்பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறான், பரிமாறுகிறவனை எப்படிக் கூப்பிடுகிறான், குடிக்க என்ன கேட்கிறான். தம்பி கேட்டது எலுமிச்சைச் சாறு. பரோட்டா கொண்டுவந்த பொடியனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊரில் தங்கைக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று விசாரித்தான். சரோ மேசைக்குக் கீழே என் காலை உதைத்தாள். அது தேர்ச்சி என்பதற்கு அடையாளம். அந்தப் பொடியனிடம் தம்பி பெயரும் ஊரும் கேட்கலாம், எங்களால்தான் ஒன்றும் கேட்க முடியவில்லை. நான் பரோட்டாவையும் வெய்யிலையும் பற்றிப் பேசினேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கோட்டைப் பயணம். வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று சரோ பிடித்த பிடிக்குக் காரணம், வெள்ளியில் மீன் இறைச்சி என்று மச்சம் சாப்பிடுகிறானா என்று பார்ப்பது. அந்தக் கிழமைதான் நிஸ்வாவில் ஆட்டுச் சந்தையும். விடிய முதல் புறப்பட்டோம்.

பாதி வழியில் டொயோட்டா கொதித்துப் புகை விட்டது. சுற்றவரக் கல்லும் மலையும்தான். தம்பி பதறவில்லை. மூடியைத் திறந்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும் அங்கிள்" என்று ரோட்டோரம் குந்தியிருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தான். எனக்குக் கோபம் வந்தது. எஞ்சினியரின் காரில் ஒரு போத்தல் தண்ணீர் இல்லையா? சரோ தன் பைக்குள் கையை விட்டு ஃபிளாஸ்கை எடுத்தாள். தடிமன் சளி வரக்கூடாது என்று அவள் எந்த நாட்டுக்குப் போனாலும் அவித்துக் கொண்டுபோகும் கொத்தமல்லித் தண்ணீர். இஞ்சியும் போட்டது. தம்பி அதை வாங்கி, சேலைத் துண்டு ஒன்றால் வடித்துவிட்டு, மரியாதையாக றேடியேற்றருக்குள் ஊற்றினான். நிஸ்வா வரை கார் தும்மல்கூடப் போடவில்லை. "என்ரை வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், கார் குடிக்குது" என்று சரோ சொன்னதற்கு அவன் சிரித்த சிரிப்பில் கார் கொஞ்சம் வளைந்து ஓடியது. மெல்ல ஓடுங்கோ தம்பி என்றேன்.

ஆட்டுச் சந்தை நான் பார்த்தே இராத ஒன்று. வட்டமாக ஆட்கள் இருக்கிறார்கள். விற்கிறவர்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வாங்குகிறவர் கையைக் காட்டினால் நிறுத்துகிறார்கள். அவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், முதுகைத் தடவுகிறார், ஆயிரம் கேள்வி கேட்கிறார். ஒரு கிழவர் ஆடொன்றைத் தூக்கியே பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் அவரிடம் ஏதோ கத்தினார். என்ன சொல்கிறார் என்று தம்பியிடம் கேட்டேன். "ஆட்டை வாங்கப் போறியோ, கட்டப் போறியோ எண்டு கேக்கிறார் அங்கிள்" என்று மொழிபெயர்த்தான்.

நான் சரோவைப் பார்த்தேன். அவள் ஆடுகளைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த தம்பியின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு வாங்குகிறவனுக்கு இருக்கிற சுதந்திரம் பெண்ணைப் பெற்றவனுக்கு இல்லையே என்று எனக்கு மனம் நொந்தது.

கோட்டை சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மண் நிறத்தில் ஒரு பெரிய வட்டக் கோபுரம். அகலமோ அகலம், எங்கள் தெருவே அதற்குள் போகும். முன்னூறு வருடத்துக்கும் மேலான கட்டடம். பேரீச்சந் தோட்டத்தையும் தண்ணீரையும் காக்கக் கட்டியது. பாலைவனத்தில் தண்ணீர் வைத்திருக்கிறவனுக்கு எதிரிகள் தானாக வருவார்கள்தானே. மலையடியில் இருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, இன்னாருக்கு இந்த நேரம் என்று வெய்யிலின் நிழல் பார்த்துப் பங்கு பிரிப்பார்களாம். சிட்னியிலும் அந்தக் காலம் தண்ணீர்க் கட்டுப்பாடுதான். குழாய் பிடிக்க நாள் குறித்திருந்தார்கள். நான் நாள் தவறிக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் பிடித்ததைப் பார்த்துச் சிவம் வேலிக்கு மேலால் தலையை ஆட்டுவார். அங்கே கோட்டை, இங்கே சிவம்.

கோபுரத்துக்குள் ஏறும் படி நேராகப் போகாது. கொஞ்சம் ஏறினால் ஒரு கதவு, பிறகு ஒரு திருப்பம், பிறகு இன்னொரு கதவு. எதிரி மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு ஏற வேண்டும். எதிரிக்கு என்னவோ தெரியாது, எனக்கு இரண்டாவது திருப்பத்திலேயே முழங்கால் விட்டுப்போயிற்று. ஒரு லிப்ட் வைத்திருக்கலாம் என்று புறுபுறுத்தேன்.

"வைச்சிருந்தா எனக்கு இஞ்சை வேலை அங்கிள்" என்றான் தம்பி. எஞ்சினியர்மாரின் பகிடி போலும் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு பொந்து. அதன் வழியாகக் கொதிக்கக் கொதிக்க எதையோ ஊற்றுவார்கள் என்றான் தம்பி. எண்ணெயா என்று கேட்டேன். எண்ணெயாகத்தான் இருக்கும் என்றான். பின்னால் வந்துகொண்டிருந்த கோட்டைக் காவலாளி, வெள்ளை அங்கியும் சித்திரத் தொப்பியுமாக ஒரு வயதான ஓமானியர், தலையை ஆட்டி அரபியில் ஏதோ சொன்னார். "எண்ணெய் இல்லையாம் அங்கிள். பேரீச்சம்பழப் பாணியாம்" என்று தம்பி அசடு வழிந்தான். காவலாளி எங்களைக் கீழே ஓர் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தரை முழுக்க வரி வரியாகக் கால்வாய். அதன்மேல் பேரீச்சம்பழச் சாக்குகளை அடுக்கினால், பாரத்தில் பாகு போல் பாணி வழிந்து ஓடி ஒரு குழியில் சேருமாம். அதைக் காய்ச்சி எதிரியின் தலையில்.

சரோவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "இவ்வளவு நல்ல பாணியை ஊத்தி அநியாயமாக்கியிருக்கினம்" என்றாள். "சுடுதண்ணி ஊத்தினாக் காணாதே?" எதிரிகள் மேல் அவளுக்கு அனுதாபம் இல்லை. பாணி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஓடிவிடும் என்று காவலாளி தம்பி மூலம் விளக்கினார். சரோ யோசித்துவிட்டு அதுவும் சரிதான் என்று தலையாட்டினாள். மருமகனைப் பற்றிய அவளுடைய யோசனையும் ஒட்டிக்கொள்கிறவனா, ஓடிவிடுகிறவனா என்றுதான் போய்க்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

அவளை மெச்சிய காவலாளி எங்களைத் தன் பாயில் இருத்தி, பேரீச்சம்பழமும் சின்னக் கோப்பையில் ஏலக்காய்க் கோப்பியும் தந்தார். குடித்துவிட்டுக் கோப்பையைக் காலியாக நீட்டினேன். எங்களில் அதற்கு அர்த்தம் போதும் என்பது. அவர் நிரப்பினார். மரியாதைக்குக் குடித்து நீட்டினேன். நிரப்பினார். நெஞ்சு படபடக்கத் தொடங்கிய பிறகுதான் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கோப்பையை ஆட்டிக் குடுக்கோணும் அங்கிள். ஆட்டாட்டி ஊத்திக்கொண்டேதான் இருப்பார்" என்றான். ஏன் முதலே சொல்லவில்லை என்று அதட்டினேன். "நீங்கள் கேக்கேல்லையே" என்றான்.

கோப்பியின் பலத்தில் உச்சிக்கு ஏறிவிட்டேன். மேலே பார்த்த காட்சிக்கு அந்தப் படிகள் தகும். கீழே கண் எட்டிய தூரம் பேரீச்சைப் பச்சை. அது முடிகிற இடத்தில் கத்தியால் வெட்டியது போல் மொட்டைக் கல்லும் மலையும். நான் உண்மையாகவே வந்த காரியத்தை மறந்து நின்றேன்.

சரோ மறக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துச் சிட்னிக்கு அடித்தாள். மைதிலி கடையின் பின்னறைக்குப் போய்ப் பேசினாள் போல. "நல்ல பிள்ளை" என்று சரோ கிசுகிசுத்தாள். "எடுப்பு இல்லை, கோபம் இல்லை. நீ ஒருக்காக் கதை." பிறகு குரலை உயர்த்தி, "தம்பி, என்ரை மகளுக்குக் கோட்டை எண்டால் உயிர். உங்களிட்டை ஏதோ கேக்கோணுமாம்" என்று தொலைபேசியை அவன் கையில் திணித்தாள். மைதிலி பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்கச் சொன்னபோது அழுதவள்.

தம்பி பீரங்கி நிழலில் போய் நின்று கதைத்தான். முதலில் சும்மா தலையாட்டினான். பிறகு சிரித்தான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் கூடச் சிரித்தான். கோட்டையைப் பற்றி இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் சரோவைக் கேட்டேன். "பேசாமல் இருங்கோப்பா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மகள் ஒருவனோடு இத்தனை நேரம் பேசியது அவள் அறிய அதுவே முதல் தடவை.

இறங்கும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் தான் ஒரு படி கீழே நின்று, என் பாரத்தைத் தோளில் வாங்கி இறக்கினான். மாமனாரின் மனதில் இடம் பிடிக்கிறான், கெட்டிக்காரன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மத்தியானம் அவன் சோறும் பருப்பும் கேட்டுச் சாப்பிட்டபோது சரோ என் காலை உதைத்த உதையில் முழங்கால் மறுபடியும் போயிற்று.

மூன்றாம் நாள் தம்பியோடு மஸ்கட் கடைவீதியில் கழிந்தது. நாலாம் நாள் காலை ஹோட்டல் வரவேற்பறையில் பெட்டிகளோடு தம்பிக்காகக் காத்திருந்தோம். இஸ்திரி மடிப்பு உடையாத சட்டையும் மீசையுமாக ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து எங்கள் முன்னால் நின்றார். ஹோட்டல் மனேஜர் என்று நினைத்து, அறையில் குளிர் அதிகம் என்று முறைப்பாடு சொல்லத் தொடங்கினேன்.

"நான் சுதாகரன்" என்றார் அவர்.

"எந்தச் சுதாகரன்?" என்று கேட்டாள் சரோ.

"அம்மா சொல்லியிருப்பா. எனக்குத் திடீரெண்டு கடலுக்குள்ள எண்ணெய்த் தளத்தில வேலை வந்திட்டுது. இண்டைக்குத்தான் கரைக்கு வந்தனான். என்ரை ரூம்மேற்றை அனுப்பினனான். உங்களை வடிவாப் பாத்தவனோ? லிப்ட் திருத்திற வேலை அவனுக்கு, லீவு எடுக்கிறது லேசு."

சரோ கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். நான் அவர் நீட்டிய பேரீச்சம்பழப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். சுதாகரனுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நாங்கள் பெண் பகுதி என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. நாங்கள் மூன்று நாளாக அடக்கிவைத்த கேள்விகளை எல்லாம் அவர் எங்களிடம் ஒழுங்காகக் கேட்டார். கிரவீனில் வீடு சொந்தமா, ஸ்டேசனுக்கு நடக்கிற தூரமா, மகளுக்குக் கோபம் வருமா, சமைப்பாவா. கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ஆட்டைத் தூக்கிப் பார்த்த கிழவர் ஏனோ என் நினைவுக்கு வந்தார். அலுவலகத்தில் கூட்டம் இருப்பதாகச் சொல்லி அவர் கைகொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் சரோ அழுதுவிட்டாள். கடைசிச் சம்பந்தம், மகளிடம் நல்ல பிள்ளை என்று சொல்லியாயிற்று, சொன்னது யாரையோ. இனி எந்த முகத்தோடு அவளிடம் பேசுவது? அவளே மைதிலிக்கு அடித்தாள். ஒலிபெருக்கியைப் போட்டதால் நானும் கேட்டேன்.

"பிள்ளை, ஒரு பிழை நடந்து போச்சு. நாங்கள் பாத்தது வேறை பொடியன்."

"தெரியும் அம்மா" என்றாள் மைதிலி. "முந்தநாளே தெரியும்."

"எப்பிடி?"

"ஃபோனைக் குடுத்தனீங்கள்தானே? நான் 'ஹலோ, உங்கடை பேர் என்ன' எண்டு கேட்டன். அவர் சொன்னார். தட்ஸ் ஓல்."

மலரக்கா தடுத்த கேள்விகளில் பெயர் இருக்கவே இல்லை. தம்பி என்று கூப்பிட ஒரு சொல் கையில் இருந்ததால் பெயர் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று நான் கத்தினேன்.

"நீங்கள் கேக்கேல்லையே அப்பா." இந்தப் பதிலை நான் ஏற்கனவே எங்கோ கேட்டிருந்தேன். "அவருக்கும் அப்பதான் தெரியும், நீங்கள் மாப்பிள்ளை பாக்க வந்தனீங்கள் எண்டு. நான்தான் சொன்னன். ஹி லாஃப்ட் சோ மச். உடனை அன்ரிக்குச் சொல்லப் போறன் எண்டவர். நான்தான் வேண்டாம், அம்மா கனநாளைக்குப் பிறகு சந்தோசமா இருக்கிறா, ரெண்டு நாள் விடுங்கோ எண்டன். பிறகு அவர் என்ன கேட்டவர் தெரியுமே? அங்கிளுக்கு முழங்கால் ஏலாது, இறங்கேக்கை கையைப் பிடிச்சா கோவிப்பாரோ எண்டு. நான் முதல் கோவிப்பார், பிறகு பிடிச்சுக்கொள்ளுவார் எண்டு சொன்னன்."

மாமனாரின் மனதில் இடம் பிடிக்கிறான் என்று நான் கணக்குப் போட்ட அந்த நேரம், அவனுக்குப் பிடிக்க ஓர் இடமும் இருக்கவில்லை. அவனுடைய கண்ணில் நாங்கள் இரண்டு நாளில் போய்விடப் போகிற யாரோ இரண்டு கிழடுகள். அந்தக் கிழடுகளுக்காகத்தான் லீவு எடுத்து, காரைக் கொதிக்கவிட்டு, தோளைக் கொடுத்து இறக்கியிருக்கிறான்.

சரோ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "லிப்ட் திருத்திற வேலையாம் பிள்ளை" என்றாள் தயங்கித் தயங்கி.

"தெரியும் அம்மா. நேற்றும் கதைச்சனாங்கள்."

நேற்றும் என்ற சொல்லைச் சரோ இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப அவரின்ரை பேர்தான் என்ன?"

"நான் சொல்ல மாட்டன். நீங்களே கேளுங்கோ" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வெளியே கிழட்டு டொயோட்டா வந்து நின்றது. அவன் இறங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து, விசயம் வெளியே வந்துவிட்டது என்று கண்டுகொண்டான். சிரிக்கவில்லை. பெட்டிகளை ஏற்றி, எனக்குக் கதவைத் திறந்து பிடித்தான். முழங்கால் எப்படி என்று கேட்டான். வண்டி புறப்பட்டுப் பெரிய ரோட்டில் ஏறியது. நான் தொண்டையைச் செருமினேன்.

"தம்பி, உங்கடை பேர் என்ன?"

"கஜன், அங்கிள்." கண்ணாடி வழியாகச் சரோவையும் பார்த்தான். "நீங்கள் பேர் கேக்காமல் இருந்தது, பேர் தெரியும் எண்டாக்கும் எண்டு நினைச்சன். கோவிக்காதேங்கோ அன்ரி."

பின் இருக்கையில் சரோ முன்னால் நகர்ந்து, என் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மலரக்கா போட்டிருந்த அணை உடைந்தது.

"கஜன் தம்பி, ஊரில எவடம்?"

"திருகோணமலை அன்ரி."

"திருகோணமலையில எவடம்? அம்மா அப்பா இருக்கினமோ? எத்தினை பேர் சகோதரம்? நட்சத்திரம் என்ன?"

தூரத்தில் விமான நிலையத்தின் கோபுரம் தெரிந்தது. அவள் இன்னும் முதல் கேள்வியின் பதிலையே தாண்டவில்லை. நான் கஜனின் தோளில் கை வைத்தேன்.

"தம்பி, கொஞ்சம் மெல்ல ஓடுங்கோ" என்றேன்.